ஸ்டோரில் இல்லாத ஆப்: 3,860 வெள்ளி (ரிங்கிட்) போச்சு, நீங்களாவது கேளுங்கள்

நேற்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,860 வெள்ளி. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படி ஏமாந்தேன் என்று முதலில் சொல்கிறேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஆப்பின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் நாலு பேர் அதையே தேடிப் பார்ப்பார்கள். மீன் சுடுவது, ஸ்லாட் மெஷின், லைவ் பக்காரா சீட்டாட்டம் எல்லாம் ஒன்றாக வைத்திருக்கிற, உண்மையான காசு கட்டி ஆடும் வகை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு நம்பரைப் போட்டிருந்தார்கள். "ஹாய்" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். உடனே பதில்: "வணக்கம் அண்ணே, பசியாறியாச்சா?" நம்ம ஆள் என்று அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

ஒரே ஒரு காரியம் சரியாகச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ப்ளே ஸ்டோரில் தேடினேன். அந்த ஆப் இல்லை. அதே மாதிரி மீன் படத்தோடு வேறொன்று இருந்தது. ஆனால் அது சும்மா காயின் வைத்து ஆடுவது, ஜெயித்தாலும் காசாக மாற்ற முடியாது. ஏன் உங்களுடையது அங்கே இல்லை என்று கேட்டேன். "ஸ்டோர்காரன் 30 சதவீதம் கமிஷன் பிடிப்பான் அண்ணே. அந்தக் காசை நாங்க பிளேயருக்கே போனஸா கொடுத்துடுறோம்." சந்தைக்குப் போகாமல் படகிலேயே மீன் வாங்குகிற மாதிரி என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். புத்தி!

லிங்க் வந்தது. தட்டியதும் போனே தடுத்தது. பிரவுசரில் இருந்து வரும் ஆப்பை ஏற்ற அனுமதி இல்லை என்றது. செட்டிங்ஸில் போய்த் திறந்துவிட்டேன். மறுபடி தட்டினால் இன்னொரு எச்சரிக்கை, இது ஆபத்தான ஆப்பாக இருக்கலாம் என்று. அவனிடம் சொன்னேன். அதே எச்சரிக்கைத் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். கீழே சின்னதாக இருக்கும் 'இன்ஸ்டால் எனிவே'யைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். எத்தனை பேருக்கு அனுப்பியிருந்தால் அப்படி ஒரு படத்தைத் தயாராக வைத்திருப்பான்! அன்றைக்கு அது தோன்றவில்லை. எவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி. எல்லாவற்றுக்கும் ஓகே, ஓகே, ஓகே.

பட்டர்வொர்த் ஃபெர்ரி பக்கம் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, 50 வெள்ளி கட்டி மீனைச் சுட ஆரம்பித்தேன். 50, 170 ஆனது. சோதித்துப் பார்ப்போமே என்று 120ஐ வெளியே எடுக்கக் கொடுத்தேன். ரொட்டி மேசைக்கு வரவில்லை, அதற்குள் பணம் என் பேங்க் கணக்குக்கு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எந்த அலுவலகத்திலும் என் காசு எனக்கு அவ்வளவு வேகமாகத் திரும்பி வந்ததில்லை. பேங்க் ஆப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது. இப்போது யோசித்தால் மொத்தக் கதையும் அந்த 120இல்தான் இருக்கிறது. அதைப் போட்டுத்தான் என்னைப் பிடித்தார்கள்.

அடுத்த ஒன்பது நாளில் 200, 500, 1,000, 1,500 என்று கட்டினேன். கடைசி 1,500இல் காருக்கு இன்ஷூரன்ஸும் ரோடு டாக்ஸும் கட்ட வைத்திருந்த பணமும் அடக்கம். ஒவ்வொரு முறையும் பணம் போட வேண்டிய கணக்கின் பெயர் வேறு. ஒரு முறை சீனப் பெயர், ஒரு முறை மலாய்ப் பெயர், ஒரு முறை நம்ம பெயர். கேட்டதற்கு "லிமிட் ஆயிடுச்சு அண்ணே, அதான் மாத்துறோம்." சரி என்றேன்.

ஆப்பில் என் கணக்கு 7,300 வெள்ளி காட்டியது. எடுக்கப் போனேன். அன்றோடு "அண்ணே" போய் "பாஸ்" ஆனது.

முதலில், போனஸ் வாங்கியதால் 15 மடங்கு தொகைக்கு ஆடி முடிக்க வேண்டும் என்றார்கள். முடித்தேன். அப்புறம் ஐசி (அடையாள அட்டை) படம், ஐசியைக் கையில் பிடித்தபடி என் முகப் படம். அனுப்பினேன். அப்புறம் 10 சதவீதம் 'ரிலீஸ் கட்டணம்', 730 வெள்ளி. அதை அந்த 7,300இலேயே கழித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன். "சிஸ்டம் அப்படி பாஸ்." கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குக் கட்டாமல் இருக்கத் தெரியவில்லை பாருங்கள். போன சனிக்கிழமை 730ஐயும் கட்டினேன்.

கணக்கு சுலபம். கட்டியது 3,980, வந்தது அந்த 120. போனது 3,860.

பிறகு எப்போது கேட்டாலும் "சபார் (பொறுங்க) பாஸ், ப்ரோசஸிங்." ஆப்புக்குள்ளே இருக்கும் சாட்டில் எதைக் கேட்டாலும் "உங்கள் பொறுமைக்கு நன்றி." கொஞ்சம் சத்தமாக எழுதியதும் அவனுடைய கடைசிச் செய்தி வந்தது: "ரிப்போர்ட் பண்ணினா நீதான் உள்ள போவ. நீ ஆடினது சூது." அதோடு பிளாக். அண்ணே, பாஸ், நீ. இரண்டு வாரத்தில் என் மரியாதை இறங்கிய அழகு இது.

அந்த மிரட்டல் வேலை செய்தது. மூன்று நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் மச்சான் கூப்பிட்டு, "என்ன மச்சான், நீயும் ஏஜெண்டா? உன் பேரைச் சொல்லி எனக்கு லிங்க் வந்திருக்கு" என்றான். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கொடுத்தேனே, அதன் பலன். வீட்டில் தெரிந்துவிட்டது. மனைவி திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிற அக்கா மகன்தான் விளக்கினான். "மாமா, கமிஷன்னு சொன்னானே, அதுவே பொய். நிஜக் காசு சூதாட்டத்துக்கு ஸ்டோரோட பில்லிங்கையே பயன்படுத்தக் கூடாதுன்னுதான் கூகுளும் ஆப்பிளும் விதி வெச்சிருக்கு. பில்லிங்கே இல்லாதப்போ 30 சதவீதம் எங்கே பிடிப்பாங்க?" ப்ளே ஸ்டோர் 2021 தொடக்கம் வரை பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், பிரேசில் என்று நாலு நாட்டில்தான் இந்த ஆப்களை விட்டதாம். அந்த வருடம் மார்ச் 1இல் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று இன்னும் 15 நாடுகளைச் சேர்த்தார்கள். அதில் மலேசியா இல்லை. அனுமதித்த நாட்டிலும் அந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும், ஆப் இலவசமாக இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு மட்டும் என்று வகைப்படுத்த வேண்டும். ஆப்பிளும் லைசென்ஸ் இருக்கிற இடத்துக்குள் மட்டுமே ஓட வேண்டும் என்கிறது. என் ஆப்பின் அடியில் ஏதோ ஒரு தீவின் லைசென்ஸ் படம் இருந்தது. அதை வைத்து இங்கே கடை போட முடியாது. இங்கே சூதாட்டத்துக்கு 1953ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸோடு நடக்கும் கெசினோ என்றால் கெந்திங் மலை ஒன்றுதான்.

ஸ்டோரில் தேடி, இல்லை என்று கண்ணால் பார்த்தேன். அதுதான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை யாரைப் பற்றியதோ அவனிடமே போய்க் கேட்டு விளக்கம் வாங்கியிருக்கிறேன்.

பேங்கில் "நீங்களே அனுப்பிய பணம் சார், நாங்கள் திருப்ப முடியாது" என்றார்கள். போலீஸ் நிலையத்தில் கூச்சத்தோடு நின்றேன். யாரும் என்னை உள்ளே போடவில்லை. "ஏன் என்சிக் (ஐயா), அன்றைக்கே 997க்குக் (மோசடிப் புகார் எண்) கூப்பிடவில்லை?" என்று மட்டும் கேட்டார் அதிகாரி. நான் பயந்து உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் பணம் எத்தனை கணக்கு தாண்டியிருக்கும்! மோசடிக் கணக்கா என்று தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் நான் பணம் போட்ட கணக்குகளைத் தேடினேன். ஒன்றின்மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறது. கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஃபேக்டரி பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. சுருக்கமாக: லிங்கில் வரும் ஆப்பை ஏற்றாதீர்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் போய் எதையோ 'டிரஸ்ட்' பண்ணச் சொன்னாலும் இதே கதைதான். தனியாள் கணக்குக்குக் கட்டச் சொன்னால் முதலில் செமாக் மியூலில் பாருங்கள். காசை வெளியே எடுக்கக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே 997, வெட்கப்படாதீர்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் போனில் உள்ளதையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டு பேங்க் பாஸ்வேர்டை வேறு போனில் மாற்றுங்கள், நான் இன்று காலைதான் செய்தேன்.

குழுவில் அந்த நம்பரைப் போட்டது யார் என்று இன்றைக்கு ஷிப்டில் கேட்கப் போகிறேன். பஸ் வந்துவிட்டது.