ஆண்டெக்ஸ், பில்சன், பாம்பெர்க்: நடந்து போய் குடிக்கிற பீருக்கு எந்தப் பக்கம் போறது?

போன மாசம் சித்தப்பா பையன் கோயம்புத்தூர்ல இருந்து கூப்பிட்டான், "அண்ணா, ஜூன்ல நானும் அவளும் மியூனிக்ல இறங்குறோம், கையில அஞ்சு நாள் இருக்கு, நல்ல பீரும் குடிக்கணும் நல்ல இடமும் பார்க்கணும், எங்க போகட்டும்?"னு. ஃபோன்ல சொல்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் போயிடுச்சு, அப்பவும் பாதி தான் சொல்லியிருந்தேன். நான் நியூரம்பெர்க்ல ஏழு வருஷமா இருக்கேன், இங்க இருந்து மூணு பக்கமும் மாத்தி மாத்தி போய் வந்தவன், அதனால அவனுக்கு சொன்னதையும் சொல்லாம விட்டதையும் சேர்த்து எழுதிடுறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். இந்த பீர் பாதிக்கு மேல பாட்டில்லயும் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்ல வாங்கி ரூம் ஃப்ரிட்ஜ்ல வெச்சும் குடிக்கலாம், ஆனா அது வேற பீர் மாதிரி தான் இருக்கும். ஒரு மணி நேரம் காட்டுக்குள்ள நடந்து சட்டை முதுகுல ஒட்டி, அது காய்ச்சின இடத்துலயே உக்காந்து முதல் மடக்கு குடிக்கிறீங்க பாருங்க, அதுக்காகத்தான் நான் டிக்கெட் எடுக்கிறேன். அதனால நடையும் கிளாஸும் எந்த ஊர்ல ஒண்ணா அமையுதுன்றதை வெச்சுத்தான் இந்த மூணையும் நான் எடை போடுறேன்.

முதல்ல ஆண்டெக்ஸ், ஏன்னா மியூனிக்ல இறங்கினா இதுதான் பக்கம். S8 ட்ரெயின்ல ஏறி கடைசி ஸ்டேஷன் ஹெர்ஷிங்ல இறங்கணும், இறங்கினதும் அம்மர்ஸே ஏரி, அங்க கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு கீன்டால் பள்ளத்தாக்கு வழியா ஓடை ஓரமா மேல ஏறினா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஆகும், மரத்துக்கு நடுவுல சர்ச் கோபுரம் தெரியும். 1455ல தொடங்கின பெனடிக்டைன் மடம் அது, பீர் இன்னைக்கும் அவங்களோடது தான். டோப்பல்பாக்னு சொல்ற காட்டமான டார்க் பீர், ஆல்கஹால் 7.1 சதவீதம், மாவு இனிப்பும் லேசா வறுத்த வாசனையுமா இறங்கும், இனிப்பை நம்பி வேகமா குடிச்சா இறங்குற பாதையில கால் சொன்ன பேச்சு கேக்காது, அதனால அரை லிட்டரோட நிறுத்திடுங்க. பார்வைக்கு அழகான இடம் தான், குறையே சொல்ல முடியாது, ஆனா வெயில் அடிக்கிற சனி ஞாயிறு போனா டேபிள் பிடிக்கிறதே தனி வேலை, செல்ஃப் சர்வீஸ் க்யூவுல நின்னு தட்டோட திரும்பி வர்றதுக்குள்ள நடந்து வந்த அமைதி போயிடும். வார நாள்ல போங்க.

மலை ஏற முடியாதவங்க மியூனிக்லயே பீர் கார்டன் போகலாம், இங்கிலீஷ் கார்டன்ல சைனீஸ் டவர் பக்கத்துல ஏழாயிரம் பேர் உக்கார்ற இடம் இருக்கு. அங்க எனக்குப் பிடிச்சது பீரை விட ஒரு பழைய வழக்கம். 1812ல பவேரிய ராஜா, பீர் காய்ச்சுறவங்க அவங்க நிலவறை மேலயே பீர் விக்கலாம், ஆனா பிரெட் தவிர சாப்பாடு விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார், அதனால ஜனங்க சாப்பாட்டை வீட்ல இருந்து கட்டிட்டு வந்தாங்க, அது இன்னைக்கும் அப்படியே இருக்கு. மேஜை விரிப்பு போடாத டேபிள்ல உங்க டப்பாவை நீங்க பிரிக்கலாம், பீர் மட்டும் அவங்க கிட்ட வாங்கணும். நாங்க ஒரு தடவை புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு போனோம், பக்கத்துல உக்காந்திருந்த வயசான தம்பதி அவங்க முள்ளங்கி சீவலை எங்க பக்கம் தள்ளிட்டு ஒரு கரண்டி புளியோதரை வாங்கிக்கிட்டாங்க. செஸ்ட்நட் மரம் ஏன் எல்லா கார்டன்லயும் இருக்குன்னா, ஐஸ் மெஷின் வராத காலத்துல கீழ இருக்கிற நிலவறை சூடாகக் கூடாதுன்னு நட்டது, இலை அகலம், வேர் ஆழமா போய் நிலவறைக் கூரையை உடைக்காது.

அடுத்தது செக் நாட்டுல இருக்கிற பில்சன். மியூனிக்ல இருந்து ப்ராக் போற ட்ரெயின்லயே போகலாம், நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். உலகத்துல இன்னைக்கு பீர்னா எல்லார் கண்ணுலயும் வர்ற அந்த தங்க நிறத்துக்கு மூலம் இந்த ஊர் தான். 1838ல ஊர் பீர் கெட்டுப் போச்சுன்னு 36 பீப்பாயை டவுன் ஹால் முன்னாடி தெருவுல ஊத்திட்டாங்க, அப்புறம் ஊர்க்காரங்க சேர்ந்து புதுசா ப்ரூவரி கட்டி பவேரியாவுல இருந்து ஜோசஃப் க்ரோல்னு ஒருத்தரை கூட்டிட்டு வந்தாங்க, அவர் 1842 அக்டோபர்ல இளநிற மால்ட் (முளை கட்டி காய வெச்ச பார்லி), கசப்புக்கு போடுற ஸாட்ஸ் ஹாப்ஸ் பூ, அந்த ஊரோட உப்புச்சத்து கம்மியான தண்ணி மூணையும் வெச்சு காய்ச்சினது தான் பில்ஸ்னர். ப்ரூவரி டூர் போனா கீழ நிலவறைக்கு கூட்டிட்டு போவாங்க, ஒன்பது கிலோமீட்டர் நீளம், வெளிய முப்பது டிகிரி வெயில்னாலும் உள்ள ஸ்வெட்டர் வேணும், கடைசியில ஓக் பீப்பாய்ல இருந்து வடிகட்டாத பீரை நேரா கிளாஸ்ல பிடிச்சு தருவாங்க. கொஞ்சம் கலங்கலா இருக்கும், கசப்பு மிருதுவா வரும், பின்னாடியே வெந்த தானிய வாசனை. பாட்டில்ல வர்ற அதே பேர் பீர் இதுக்கு பக்கத்துல நிக்காது.

செக் பக்கம் போறதுக்கு இன்னொரு பெரிய காரணம் ஊத்துற விதம். நம்ம ஊர்ல நுரை வந்தா ஏமாத்திட்டாங்கன்னு நினைப்போம், அங்க நுரை தான் பீருக்கு மூடி, காத்து படாம காப்பாத்துறது அது. ஹ்லாடின்கான்னு கேட்டா மூணு விரக்கடை ஈர நுரையோட வரும், ம்லீகோன்னு கேட்டா கிளாஸ் முழுக்க நுரை மட்டும் வெள்ளையா பால் மாதிரி வரும், அதை ஆற விடாம ஒரே மூச்சுல குடிக்கணும், இனிப்பா இருக்கும். டேபிள் மேல ஒரு துண்டுச் சீட்டு கிடக்கும், ஒவ்வொரு கிளாஸுக்கும் பேனாவுல ஒரு கோடு, அதுதான் பில், அந்த சீட்டை தொலைச்சிடாதீங்க. சாப்பிட எண்ணெய், வெங்காயம், மிளகாய்ல ஊறப் போட்ட ஹெர்மெலின் சீஸ் கேளுங்க, நம்ம நாக்குக்கு உடனே பிடிக்கும்.

பில்சன்ல குறை என்னன்னா நடை. ஊர் சுத்தமா இருக்கு, சதுக்கம் பெருசு, ஆனா ப்ரூவரி ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, இறங்கி பத்து பதினஞ்சு நிமிஷத்துல குடிக்க ஆரம்பிச்சிடலாம், உடம்பு அதுக்கு தயாராகவே இல்ல. இயற்கைக் காட்சி வேணும்னா இன்னும் ஒன்றரை மணி நேரம் போய் ப்ராக்ல லெட்னா மேட்டுல ஏறணும், கீழ வல்டாவா ஆறும் வரிசையா பாலங்களும் தெரியும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த வெளிச்சம் ரொம்ப அருமை, ஆனா பீர் பிளாஸ்டிக் டம்ளர்ல. பில்சன்ல பீர் இருக்கு, லெட்னாவுல காட்சி இருக்கு, ரெண்டையும் ஒரே இடத்துல தேடினா கிடைக்காது.

இனி பாம்பெர்க். பக்கத்து ஊர்க்காரன்றதால சொல்றேன்னு நினைக்காதீங்க, முதல் தடவை எனக்கு அந்த பீர் பிடிக்கவே இல்ல. ஷ்லெங்கர்லா கடையில ரௌக்பியர், அதாவது பீச் மரத்தை எரிச்சு அந்தப் புகையில மால்ட்டை காய வெச்சு செய்யுற பீர், மரப் பீப்பாய்ல இருந்து நேரா பிடிச்சு தருவாங்க, கறுஞ்சிவப்பு நிறம், கிளாஸை தூக்கும்போதே புகை போட்ட கறி வாசனை. ரெண்டு மடக்குல வெச்சிட்டு வந்தேன். அடுத்த தடவை மழை நாள்ல போய் மெதுவா குடிச்சப்ப தான் பிடிபட்டுச்சு, எங்க அம்மாச்சி விறகடுப்புல காய்ச்சின பால்ல ஏறியிருக்கும் பாருங்க ஒரு புகை, அதே புகை. பாதி கிளாஸுக்கு அப்புறம் புகை பின்னாடி போய் மால்ட் இனிப்பு முன்னாடி வரும், அதனால முதல் மடக்குலயே முடிவு பண்ணிடாதீங்க.

ஊர் 1993ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, ஆத்து நடுவுல பாலத்து மேல பழைய டவுன் ஹால் நிக்குது. அதை விட முக்கியம் கெல்லர். கெல்லர்னா நிலவறை, ஆனா இந்த ஊர்க்காரங்க கெல்லருக்குள்ள போறோம்னு சொல்ல மாட்டாங்க, கெல்லர் மேல போறோம்னு தான் சொல்வாங்க, ஏன்னா பீரை குன்றுக்குள்ள குடைஞ்சு வெச்சு அந்தக் குன்று மேலயே மரத்தடியில பெஞ்ச் போட்டு குடிக்கிற வழக்கம். ஸ்பெட்ஸியால் கெல்லர்ல உக்காந்தா கதீட்ரலோட கோபுரங்களும் ஓட்டுக் கூரைகளும் கண்ணுக்கு நேரா விரிஞ்சு கிடக்கும், செங்குத்தான தெருவுல ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குறப்ப கல்லு ஜாடி கையில இருக்கும்.

நாள் முழுக்க நடக்கணும்னா பாம்பெர்க்குக்கு கிழக்க ஔஃப்ஸெஸ். ஆயிரத்து சொச்சம் பேர் இருக்கிற ஊராட்சி, நாலு ப்ரூவரி, ஆளுக்கு இத்தனை ப்ரூவரின்னு கின்னஸ்ல ஏறின இடம். நாலையும் கோர்த்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் பாதை போட்டிருக்காங்க, கோதுமை வயல், பீச் காடு, ஒரு கிராமம், ஒரு கிளாஸ், மறுபடி வயல். ஒவ்வொண்ணும் அந்த வீட்டு பீர், பெரும்பாலும் கறுப்பு லாகர், வெளியூர்ல கிடைக்கிறது அபூர்வம். ஒரு தடவை திங்கக்கிழமை போய் ஒரு ப்ரூவரி வாசல்ல "இன்னைக்கு லீவு" போர்டை பார்த்துட்டு தண்ணி பாட்டிலும் காலியா அடுத்த ஊர் வரைக்கும் நாக்கு வறண்டு நடந்தோம், அதனால எந்த நாள் யாருக்கு லீவுன்னு பார்த்துட்டு கிளம்புங்க. பஸ் கம்மி, கடைசி பஸ் டைமை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நிறைய இடத்துல கார்டு செல்லாது, கையில காசு வேணும்.

கார் வாடகைக்கு எடுக்கிற ஐடியா இருந்தா, செக்ல ஓட்டுறவங்களுக்கு ரத்தத்துல ஆல்கஹால் துளி கூட இருக்கக் கூடாது, ஜெர்மனியில ஆயிரத்துக்கு 0.5ன்னு வரம்பு இருந்தாலும் நான் ட்ரெயின் தான் சொல்வேன். குடிக்காதவங்க கூட வந்தா ஜெர்மனி பக்கம் வசதி, ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்த ஷோர்லெ எல்லா இடத்துலயும் உண்டு, ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் நிஜமாவே நல்லா இருக்கும். சைவம்னா மியூனிக்ல ஒபாட்ஸ்டா சீஸும் ப்ரெட்ஸெலும், கிராமத்துப் பக்கம் கொஞ்சம் கஷ்டம், கையில ஏதாவது கட்டிட்டு போங்க.

தம்பி பொண்டாட்டி குடிக்க மாட்டா, ஆனா நடக்க ரொம்பப் பிடிக்கும். அதனால அவனுக்கு பில்சனை விட்டுட சொல்லிட்டேன், அஞ்சு நாள்ல ஒண்ணரை நாள் ட்ரெயின்லயே போயிடும். அவன் மட்டும் தனியா வந்திருந்தா, ஊத்துற கலையை பார்க்கிறதுக்காகவே முதல்ல அங்க தான் அனுப்பியிருப்பேன். இப்ப திட்டம் இது: இறங்கின மறுநாள் வியாழக்கிழமை ஆண்டெக்ஸ், வெள்ளி காலையில பாம்பெர்க் ட்ரெயின், ரெண்டு மணி நேரம், சாயங்காலம் கெல்லர் மேல, சனிக்கிழமை நானும் நியூரம்பெர்க்ல இருந்து வந்து சேர்ந்துக்குவேன், மூணு பேருமா ஔஃப்ஸெஸ் நடக்கிறோம். புளியோதரை நான் கட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்.