மோட்டார் தையல் மெஷின்: யார் உடம்புக்கு ஒத்துவரும்?

உடம்புக்கு முடியாதவர் வீட்டிலிருந்தபடி சம்பாதிக்க என்ன வழி என்று கடலூரில் யாரைக் கேட்டாலும் "ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுங்க" என்பார்கள். பலருக்கு நல்ல வழிதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்து, ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்து, வறுக்கும் புகையில் இளைப்பும் கண்டவருக்குத் தையல் பெரிய நிம்மதி. ஆனால் மோட்டாரையும் பெடலையும் பார்த்து வாங்காவிட்டால் மெஷின் மூலையில்தான் கிடக்கும்.

கருப்பு ஹெட் (ஊசி ஓடும் மேல்பகுதி) உள்ள கால் மெஷினில் சின்ன மோட்டார் மாட்டுவது மலிவு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர், ஒரு காலில் போலியோ உள்ளவர் இருவருக்கும் இதுவே போதும். மிதிக்க வேண்டாம், நல்ல காலின் நுனியால் அழுத்தினாலே ஓடும். மோட்டார் பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மோட்டார் சூடாகும், தொளதொளவென்று இருந்தால் தடித்த மடிப்பில் வழுக்கும்.

சிக்கல் பெடலில்தான். இந்தச் சின்ன மோட்டாரோடு வரும் கார்பன் பெடலை லேசாக அழுத்தினால் மெஷின் அசையாது, கொஞ்சம் கூட்டினால் சட்டென்று பாயும். நெடுநேரம் ஓடினால் பெடல் கொதிக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு அழுத்தமும் தெரியாது, சூடும் தெரியாது. அவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். சர்வோ மோட்டார் (பெடலை அழுத்தும்போது மட்டும் சுழல்வது) போட்ட பவர் மெஷினில், அதாவது தையல் கூடங்களில் ஓடும் பெரிய மெஷினில், உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கலாம், காலை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடும். அதே மெஷினுக்குக் கிளட்ச் மோட்டாரை விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது சுவிட்ச் போட்டதிலிருந்து உறுமி அதிர்ந்துகொண்டே இருக்கும், முதுகுவலிக்காரருக்கு ஆகாது.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கால் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு முழங்காலில் இடிக்கும். ஹெட்டை மட்டும் அடியில் இடைஞ்சல் இல்லாத மேசையில் பதித்து, முழங்கையால் அழுத்தும்படி பெடலைப் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள். பொருத்தி, அவர் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு இருந்தால் ஓடும் ஊசி பக்கம் போகக்கூடாது. கையால் ஃபால்ஸ் அடிப்பது, ஹூக் வைப்பது போன்ற வேலைகளைக்கூட மருத்துவரைக் கேட்டே தொடங்கலாம்.

அரசும் மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் தையல் மெஷின் தருகிறது; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு அளவுகோல். அந்த எண்ணை வைத்து ஒருவரால் தைக்க முடியுமா என்று முடிவுகட்டாதீர்கள். வாங்குமுன் முக்கால் மணி நேரம் தைக்க விடுங்கள்: துணியில் கோடு போட்டு, கோட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஊசி கோட்டைத் தாண்டிப் போகிறதா, விரல் மரக்கிறதா என்று கவனியுங்கள். மறுநாள் காலை இடுப்பும் கழுத்தும் எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் முக்கியம். வலி பெரும்பாலும் அப்போதுதான் முகம் காட்டும்.

கடலூர் முதுநகர் போல உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் பாபின் கேஸும் (அடிநூல் வைக்கும் கூடு) ஊசித்தண்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து, மெஷின் எண்ணெய் விடவேண்டும். இரும்பு உடம்பு என்பதால் எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம். மழைக்காலத்தில் தரை ஈரமாக இருந்தால் காலடியில் ரப்பர் பாய் போட்டுக்கொள்ளுங்கள்.