ஹாலோ நைட்: பாதை தெரியாமல் அலைந்த கதை

2022 மின்வெட்டுக் காலத்தில்தான் ஹாலோ நைட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைத் தொடங்கினேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்துக்கு மின்வெட்டுப் பிரிவு எந்த எழுத்து, எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போடுவேன். இந்த விளையாட்டில் ஒரு பெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்தால்தான், அடுத்த முறை அங்கிருந்து தொடரலாம். கரண்ட் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது பெஞ்ச் தேடி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, எந்தப் பெரிய எதிரியிடமும் அப்படிப் பயந்ததில்லை.

அவுஸ்திரேலியாவில் டீம் செரி என்ற சின்னக் குழு செய்து 2017இல் வெளியிட்டது. பழைய கம்ப்யூட்டரிலேயே நன்றாக ஓடியது. ஆனால் முதல் வாரம் எரிச்சல்தான். புது இடத்துக்குள் போனால் வரைபடம் கிடையாது. அதை விற்கும் கார்னிஃபர் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், கிட்டப் போகப் போக அவர் முணுமுணுக்கும் பாட்டுக் கேட்கும். நான் ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு விளையாடியதால் அது எனக்குத் தெரியவே இல்லை. அக்காவின் மகன்தான் பக்கத்தில் இருந்து, "மாமா, யாரோ பாடுறாங்க, கீழ இறங்குங்க" என்றான். அன்றிலிருந்து சத்தத்தைக் குறைப்பதில்லை.

வாங்கினாலும் அது அரைகுறை வரைபடம்தான். மீதியை நிரப்ப இறகுப் பேனா தனியாக வாங்க வேண்டும். நடந்த இடமெல்லாம் பெஞ்சில் உட்காரும்போதுதான் அதில் ஏறும். முதலில் இது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், விளையாட்டில் வரும் அந்த ஊரின் சந்துகள் இன்றும் மனப்பாடமாக இருப்பதற்கு அதுதான் காரணம். மேலே உள்ள ஏரியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓயாமல் மழை பெய்யும் நகரம் ஒன்று உண்டு. வெளியே கொழும்பு மழை கொட்டும்போது அங்கே போய்ச் சும்மா நின்றிருக்கிறேன்.

குறை சொல்லாமல் விட முடியாது. ஒரு பெரிய எதிரியிடம் தோற்றால், பெஞ்சிலிருந்து மறுபடி அவ்வளவு தூரம் ஓட வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு இது அநியாயம்.

ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு அந்த விஷயத்தில் இரக்கமுள்ளது. ஆற்றல் மிச்சமிருந்தால் பெரும்பாலான இடங்களில் நாமே பதிவு செய்துகொள்ளலாம். பார்க்கவும் அவ்வளவு அழகு. ஆனால் முடித்த பிறகு திரும்பத் திறக்கத் தோன்றவில்லை.

இப்போது ஓடுவது அனிமல் வெல், 2024இல் வந்தது. பில்லி பாஸோ தனி ஆளாக ஏழு வருடம் உட்கார்ந்து செய்தது, அளவு 40 எம்பி கூட இல்லை. டேட்டா பார்த்துச் செலவழிக்கிற வீட்டுக்கு இது போதும். சண்டை போட ஆயுதம் இல்லை. பேய் துரத்தினால் பட்டாசு கொளுத்திப் போடலாம். ஒளித்து வைத்த 64 முட்டைகளில் எனக்கு 41தான் கிடைத்திருக்கிறது. மருமகனுக்கு மற்றதெல்லாம் எங்கே என்று தெரியும். கேட்டால், "தேடுங்க மாமா" என்று சிரிக்கிறான்.