ஏரியல் கிராவிட்டி சர்வே சர்வீஸ்: வேலை சுத்தம், ஆனா பிரோஷர்ல போட்டிருக்கிற நம்பரை அப்படியே நம்பாதீங்க

விமானத்துல கிராவிமீட்டர் வச்சு பூமியோட ஈர்ப்பு இடத்துக்கு இடம் எவ்ளோ மாறுதுன்னு அளந்து தர்ற சர்வீஸ், எங்க ப்ராஜெக்டுக்கு எடுத்தோம். கம்பெனி பேர் வேணாம். 5க்கு 3.5 ஸ்டார்.

காடு, சதுப்பு நிலம், கப்பல் வர முடியாத ஆழமில்லாத கடலோரம், இதுக்கெல்லாம் இதை விட்டா வேற வழி கிடையாதுங்க, தரையில நடந்து அளக்க வருஷக்கணக்காகும்.

ஃபீல்டு டீம் செம. கிளம்புறதுக்கு முன்னாடி விமானம் நிக்கிற இடத்துலயே ஸ்டில் ரீடிங், வீல் நின்ன எடத்துல தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சு, எறங்கினதும் அதே கோட்டுல கொண்டுவந்து நிறுத்தி மறுபடி ரீடிங், டிரிஃப்ட், அதாவது கருவியோட ரீடிங் தானா எவ்ளோ நகர்ந்திருக்குன்னு பாக்க. இந்த அளவு பிடிவாதம் இல்லன்னா இந்த வேலையே ஆகாது, ஏன்னா மொத்த ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகால் (ஈர்ப்பை அளக்குற அலகு), நாம தேடுறதோ ஒண்ணு ரெண்டு மில்லிகால் வித்தியாசம், காத்துல விமானம் ஒரு தடவ தூக்கிப்போட்டாலே பத்தாயிரக்கணக்குல ஏறி இறங்கும். பூமி இழுக்குறது எது விமானம் ஆடுறது எதுன்னு கருவிக்குத் தெரியாது, ஜிபிஎஸ்ஸை வச்சு ஆட்டத்தை தனியா கணக்கு பண்ணி கழிக்கணும். போதாததுக்கு, சுத்துற பூமிக்கு மேல விமானம் ஓடுறதால ஈர்ப்பு மாறித் தெரியுறதை சரிபண்ற எயோட்வோஷ் கரெக்‌ஷன் வேற, பூமத்திய ரேகைகிட்ட விநாடிக்கு 100 மீட்டர் வேகத்துல கிழக்கால பறந்தா அது மட்டுமே 1600 மில்லிகால் கிட்ட வரும். 1958லயே விமானத்துல டெஸ்ட் பண்ணிட்டாங்க, ஆனா ஜிபிஎஸ் வந்தப்புறம்தான் இது நிஜமா உருப்பட்டுச்சு.

இப்போ கடுப்பான விஷயம். பிரோஷர்ல கொட்டை எழுத்துல 1 மில்லிகால் துல்லியம்னு போட்டிருக்காங்க, எத்தனை விநாடி ஃபில்டர்லன்னு, அதாவது இரைச்சலை அடக்க எத்தனை விநாடி ரீடிங்கை சேர்த்து சராசரி மாதிரி எடுக்குறாங்கன்னு, எங்கயும் இல்ல. கேட்டா 100 விநாடி. விநாடிக்கு 60 மீட்டர் வேகம்னா 6 கிலோமீட்டர், அதுல பாதி, அதாவது சுமார் 3 கிலோமீட்டரை விட சின்னதா இருக்கிறது எல்லாம் மழுங்கிடும். ஃபில்டரை குறைங்கன்னா இரைச்சல் ஏறிடும், அந்த 1 மில்லிகால் பேச்சு அதோட காலி. இது இயற்பியல், அவங்க தப்பு இல்ல, ஆனா மறைச்சு விக்கிறது தப்புதான?

ரிப்போர்ட்டும் அப்படித்தான், கலர் கலரா மேப் முதல்ல வந்துருச்சு, பறந்த கோடு வாரியான லைன் டேட்டாவும் திருத்தம் பண்ணாத ரா டேட்டாவும் கெஞ்சி வாங்க வேண்டியதாப் போச்சு. குறுக்கும் நெடுக்குமா பறக்குற லைன்கள் வெட்டிக்கிற இடத்துல ரெண்டு அளவும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்குற கிராஸ்ஓவர் நம்பர் இருக்கில்ல, அதையும் அட்ஜஸ்ட் பண்ணதுக்கு அப்புறம் வந்ததை மட்டும்தான் காட்டுனாங்க. இழுத்துப் பிடிச்சு சரிபண்ணா எல்லாரோட நம்பரும் அழகாதான் இருக்கும், அட்ஜஸ்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ளதை கேளுங்க.

ஜியாய்டு (உயரம் அளக்க அடிப்படையா வைக்கிற சராசரி கடல்மட்டப் பரப்பு) போடுறதுக்கு, பெரிய வண்டல் படுகை பாக்குறதுக்குன்னா தாராளமா எடுக்கலாம், நானே திரும்ப கூப்பிடுவேன். சின்ன தாதுப் படிவம் தேடுறவங்க, ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுற வீதத்தை நேரடியா அளக்குற கிரேடியோமீட்டர் வச்சிருக்கிற ஆளுங்கள பாருங்க, யாரை எடுத்தாலும் ஃபில்டர் நீளம், பறக்குற உயரம், ரா டேட்டா எந்த தேதிக்குள்ள வரும், இந்த மூணையும் கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்கிடுங்க.