மெல்பர்னா, அடிலெய்டா? இரண்டிலும் குடியிருந்தவன் கணக்கு

சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர ஆஸ்திரேலியாவில் மற்ற ஊரெல்லாம் விசாக் கணக்கில் ‘ரீஜனல்’தான், அதாவது பெருநகரத்துக்கு வெளியே உள்ள பகுதி. 2019 நவம்பரிலிருந்து இதுதான் விதி. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஏதோ ஆட்டுப் பண்ணைக்கு நடுவில் மகளைக் குடிவைக்கப் போகிறேன் என்று என் மாமியார் பயந்துபோனார். அடிலெய்டில் சுமார் 14 லட்சம் பேர் இருக்கிறார்கள் அத்தை என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் அமைதியானார். மெல்பர்னில் 50 லட்சத்துக்கும் மேல். அதோடு வைத்துப் பார்த்தால் இது நடுத்தர ஊர், அவ்வளவுதான்.

மெல்பர்னில் மூன்று வருடம் இருந்தேன். அடிலெய்டில் இது ஆறாவது வருடம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் அடிலெய்டு கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோரும் முதலில் கேட்கிற சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மளிகைச் சாமான், இட்லி அரிசி, கறிவேப்பிலை எல்லாம் இரண்டு ஊரிலும் கிடைக்கும். கோயிலுக்கு மெல்பர்ன்தான். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், சன்ஷைன் முருகன் கோயில் என்று நாளுக்கு ஒன்றாகப் போகலாம். இங்கே எங்களுக்கு ஓக்லண்ட்ஸ் பார்க் பிள்ளையார் போதும். வெயில் இங்கே கடுமை. 2019 ஜனவரியில் ஒரு நாள் 46.6 டிகிரி போனது. இந்திய நேரத்துக்கும் இங்கத்திய நேரத்துக்கும் சரியாக நாலு மணி நேர வித்தியாசம், கோடையில் ஐந்து. மெல்பர்னில் அதோடு ஒரு அரை மணியையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் அம்மாவுக்குப் போன் போடும்போதெல்லாம் விரல் விடாமல் நேரம் சொல்ல முடிகிறது.

வாடகை, வீட்டு விலை? அடிலெய்டு மலிவு என்று இன்னமும் யாராவது சொன்னால் அவர் பழைய ஆள். நாங்கள் வந்தபோது மலிவுதான். அதற்குப் பிறகு விலை ஏறிய வேகத்தில் அந்தச் சாதகம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. போன வருடம் நண்பருக்காக ஒரு வாடகை வீட்டைப் பார்க்கப் போனேன். வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், கையில் சம்பளச் சீட்டோடு. பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற ஒரே எண்ணத்தில் இங்கே வருகிறவர் ஏமாந்துபோவார்.

விசா விஷயத்தில் அப்படி இல்லை. அதில் வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். திறமைசார் விசாவுக்கு வயது, படிப்பு, அனுபவம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். மாநில அரசு 190 என்ற விசாவுக்குப் பரிந்துரைத்தால் கூடுதலாக 5 புள்ளி, 491 என்ற ரீஜனல் விசாவுக்குப் பரிந்துரைத்தால் 15. குறைந்தபட்சத் தகுதியே 65 புள்ளிதான் என்கிறபோது 15 எவ்வளவு பெரிதென்று பார்த்துக்கொள்ளுங்கள். 491 என்பது ஐந்து வருட விசா. மூன்று வருடம் ரீஜனல் பகுதியிலேயே குடியிருந்து, வேலை பார்த்து, வருமான வரிக் கணக்கைக் காட்டினால் 191 என்ற அடுத்த விசா வழியாக பி.ஆர்., அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை. 491-இல் இருக்கும்போதே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு. நாங்கள் போனது இந்த வழியில்தான். ஆனால் இது கால்கட்டு. பெர்த்துக்கோ கான்பெராவுக்கோ மாறலாம், அவையும் ரீஜனல் கணக்குதான். மெல்பர்னில் நல்ல வேலை கிடைத்தாலும் அங்கே போய் உட்கார முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் கையில் வந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை.

ஆனால் பி.ஆர். வந்த பிறகும் நாங்கள் இங்கேயே இருப்பதற்குக் காரணம் வேறு. சைல்டுகேரிலிருந்து, அதாவது குழந்தைக் காப்பகத்திலிருந்து வரும் போன்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற, தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாத வீட்டில் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த போன் வரும். குழந்தைக்குக் காய்ச்சல், 38 டிகிரி தாண்டிவிட்டது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். மெல்பர்னில் எங்கள் வீடு மேற்கே டார்னீட்டில். என் அலுவலகம் நகர மையத்தை ஒட்டிய டாக்லண்ட்ஸில். டார்னீட்டிலிருந்து அதன் பக்கத்து ஸ்டேஷனான சதர்ன் கிராஸுக்கு ரயிலில் அரை மணிதான், அதை நம்பித்தான் அங்கே வீடு பார்த்தோம். நேரம் போனது ரயிலில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும். மதியம் இரண்டு மணிக்கு அந்த போன் வந்த ஒரு நாள். லிஃப்ட், நடை, பிளாட்பாரம். ரயில் அப்போதுதான் போயிருந்தது, அடுத்ததற்கு இருபது நிமிடம். டார்னீட்டில் இறங்கினால் கார் ஸ்டேஷனில் இல்லை, காலையில் ஏழரைக்கே பார்க்கிங் நிறைந்துவிட்டதால் நாலு தெரு தள்ளி நிற்கிறது. போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். பையன் டீச்சர் மடியில் சூடாகத் தூங்கிக்கொண்டிருந்தான், ஒரு கையில் மட்டும் ஷூவைப் பிடித்தபடி. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சாயங்காலம் இன்னொரு கூத்து. ஆறரைக்கு மூடுவார்கள், தாமதமானால் நிமிடக் கணக்கில் காசு. ஐந்து மணிக்குக் கூட்டம் போட்டாலே என் பார்வை கடிகாரத்துக்குப் போய்விடும். நர்ஸ் வேலை பார்க்கும் என் மனைவிக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம் அவள் கையில் இல்லை. ஆக அந்த ஓட்டம் முழுக்க என் தலையில்.

அடிலெய்டில் டீ ட்ரீ பிளாசா பக்கம் வீடு எடுத்தோம். அங்கிருந்து நகரத்துக்கு ஓ-பான் என்று ஒரு பஸ் பாதை இருக்கிறது. 12 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் தண்டவாளம் போட்டு, அதில் சாதாரண பஸ்ஸே பக்கவாட்டுச் சக்கரங்களோடு ஓடும். தடத்தில் ஏறிய பிறகு ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை. சிக்னல் கிடையாது, குறுக்கே வண்டி கிடையாது. 1980களில் கட்டியது, இன்றைக்கும் ஊரிலேயே உருப்படியான விஷயம் இதுதான் என்பேன். போன் வந்தால் எழுந்து, பஸ் பிடித்து, சைல்டுகேர் வாசலில் நிற்க எனக்கு முப்பத்தைந்து நிமிடம். என் மனைவிக்குக் காரில் பத்து நிமிடம். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கம்தான்.

மெல்பர்னில் நகரத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம், இரண்டு அறை அபார்ட்மென்டில். அதற்குக் கொடுக்கிற வாடகைக்கு இருவரில் ஒருவர் சம்பளத்தில் பெரும்பகுதி போயிருக்கும். பெரிய நகரத்தில் இந்த நெருக்கம் கிடைக்காது என்றில்லை. அதற்கென்று தனி விலை இருக்கிறது. இங்கே அது ஊரின் அளவிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது.

சரி, வேலை. இதில் மெல்பர்ன் ஜெயிக்கிறது, நன்றாகவே ஜெயிக்கிறது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அங்கே இரண்டு முறை வேலை மாறினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகவில்லை. இங்கே முதல் வேலைக்கு ஐந்து மாதம் ஆனது. மனைவிக்கு மூன்றே வாரத்தில் கிடைத்தது. மிச்சமிருந்த நாலு மாதமும் அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. ஆஸ்பத்திரி, முதியோர் பராமரிப்பு வேலைக்காரர்களுக்கு இந்த ஊர் தாராளம். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. ஆஸ்போர்னில் கப்பல் கட்டுகிறார்கள், நகரத்துக்குள் லாட் ஃபோர்டீன் வளாகத்தில் ஆஸ்திரேலிய அரசின் விண்வெளி அமைப்புக்குத் தலைமையகமே இருக்கிறது என்று விளம்பரத்தில் பார்த்து வருவோம். வந்த பிறகுதான் தெரியும், பாதுகாப்புத் துறை சார்ந்த வேலைகளில் பலவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்குக் குடியுரிமை வேண்டும். பி.ஆர். கூட இல்லாதவன் அந்த விளம்பரங்களை வேடிக்கைதான் பார்க்கலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அப்புறம், சின்ன ஊரில் ஒரே துறைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். என் மூன்றாவது நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் பழைய மேனேஜரோடு படித்தவர். அன்றைக்கு அது எனக்கு உதவியது. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டாவது முறை வேலை தேட எனக்கு இதுவரை அவசியம் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே மாறியிருக்கலாம்.

இன்னும் சின்ன ஊருக்குப் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மவுண்ட் கேம்பியரில் ஒரு குடும்பம் எங்களுக்குப் பழக்கம். ஊர் அழகு, நீல ஏரி அதைவிட அழகு. கணவனுக்கு வேலை இருக்கிறது, மனைவிக்கு அவள் படிப்புக்கேற்ற வேலை இல்லை. அடிலெய்டுக்குக் காரில் வர நாலரை மணி நேரம். ஒருவர் சம்பளத்தில் வாழத் தயாரென்றால் யோசிக்கலாம். விருந்தாளியாகப் போய் வந்ததை வைத்து இதற்கு மேல் அளக்க நான் தயாரில்லை.

பி.ஆர். வந்த மறு மாதமே மெல்பர்னிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. சம்பளம் அதிகம். அன்று இரவு இருவரும் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கையில் இருந்த காசுக்கு வீடு என்று பார்த்தால் விரல் மறுபடி டார்னீட் பக்கமே போனது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “மறுபடியும் போன் வந்தா யாருங்க போறது?”

பையனுக்கு இப்போது ஏழு வயது. இந்த வருடம் பள்ளியிலிருந்து அந்த போன் இரண்டே முறைதான் வந்தது.