குழித்தட்டு நாற்று: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

மாடித்தோட்டத்துக்கான தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைச் சில வருடங்களாக வீட்டிலேயே குழித்தட்டில்தான் (குழிக்கு ஒரு விதை போட்டு நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு) விடுகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் 98 குழி உள்ளது வேண்டாம். நாற்றுப் பண்ணைகளில் அதுதான் வழக்கம். அங்கே நிழல்வலைக்குள் ஆள் நின்று பூவாளியில் தண்ணீர் தெளிப்பார்கள். நாம் காலையில் தெளித்துவிட்டு ஆபீஸ் போய்விடுவோம். அந்தச் சின்னக் குழிகள் சென்னை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். 50 குழித் தட்டு மாலை வரை தாங்குகிறது. அதுவும் மிளகாய் ஐந்து வாரத்துக்கு மேல் தட்டிலேயே இருக்கும், அதற்கு வேர் ஓட இடம் வேண்டும்.

கடையில் கிடைக்கும் மெல்லிய கறுப்புத் தட்டு நிரப்பியபின் நடுவில் தொய்ந்துவிடும். அடியில் பழைய பிளாஸ்டிக் டிரே ஒன்றைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். மொட்டைமாடியில் வெயிலில் போட்டுவைத்தால் அடுத்த பட்டத்துக்குள் (விதைப்புப் பருவம்) ஓரம் பொலபொலவென்று உதிரும். கழுவி நிழலில் கவிழ்த்துவைத்தால் பல பட்டம் வருகிறது. மூடியோடு 'கிட்' என்று விற்பதில் அந்த மூடி நமக்குத் தேவையே இல்லை. பனிக்கு ஒடுங்கும் ஊர்களுக்கானது அது. இங்கே மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம்தான் வரும்.

உண்மையில் தட்டைவிட உள்ளே போடுவதுதான் முக்கியம். தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் இலை நுனி கருகும். நார்க்கழிவில் சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, அதனால் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் சேர்க்கிறேன். கைப்பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. விதையை ஆறிய வடிகஞ்சியில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை தரும் பாக்டீரியாத் தூள்) கலந்து புரட்டி, நிழலில் உலர்த்திப் போடுவேன். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று தரையோடு தண்டு மெலிந்து சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஈரம் மிஞ்சினால்தான் பெரும்பாலும் வருகிறது. மேல் நார் காய்ந்து வெளுத்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும், கண்ணை நம்பாமல் தட்டைத் தூக்கிக் கனம் பாருங்கள்.

வீட்டுக்குள் வைப்பது முளைக்கும் வரைக்கும்தான். தக்காளி ஒரு வாரத்துக்குள் தலை காட்டும், மிளகாய் பொறுமையைச் சோதிக்கும். எறும்பு, அணில், திடீர் மழை மூன்றிலிருந்தும் தப்பிக்க உள்ளே வைக்கிறோம், அவ்வளவே. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஜன்னலோரம் போதும் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பக்க வெளிச்சத்துக்கு நாற்று நூல் மாதிரி நீண்டு வளைந்துவிடுகிறது. பால்கனியில் காலை வெயில், அப்புறம் நிழல்வலை என்பதே சரிவருகிறது. ஆடிப்பட்டத்துக்கு விடுபவர்கள் தட்டைச் சுவரோரம் வையுங்கள். அம்மியையே தூக்கும் காற்றுக்கு நார்க்கழிவுத் தட்டு எம்மாத்திரம்!

தக்காளி மூன்று நான்கு வாரத்தில் தயார். அடித்துளை வழியாகப் பென்சிலால் தள்ளினால், வெள்ளை வேர் நாரைச் சுற்றிப் பிடித்தபடி கட்டி முழுசாக வர வேண்டும். உதிர்ந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். வேர் பழுப்பேறி வட்டமடித்திருந்தால் நாள் தள்ளிவிட்டது. மாலையில் குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) நட்டால் மறுநாள் வாடல் குறைவு.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த முறையை விடமாட்டேன். வெண்டை, கொத்தவரைக்குத் தட்டு வீண்வேலை, நேரடியாக ஊன்றினாலே சுறுசுறுப்பாக வந்துவிடும். முள்ளங்கியையோ கேரட்டையோ தட்டில் போடவே போடாதீர்கள். பிடுங்கி நட்டால் கிழங்கு கவட்டையாகப் பிளந்துதான் வரும்.