கோஸ் வேருக்குப் ‘பாதுகாப்பு வட்டு’ன்னு வித்தா வாங்காதீங்க, ரூ.6,840 போச்சு

கோஸ், பூக்கோஸ், நூல்கோல், முள்ளங்கி போடுற கடலூர், பாண்டிக்காரங்க கவனத்துக்கு. மருந்தடிக்காம வேரைக் காப்பாத்துற வழியைக் கடைசியில முழுசா எழுதுறேன். முதல்ல ரூ.6,840 எப்படிப் போச்சுன்னு சொல்லிடறேன், வயிறு எரியுது.

இயற்கை விவசாயப் பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேர் வேண்டாம். ‘வேர்ப்புழுவுக்கு நஞ்சில்லாத தீர்வு’ன்னு ஒரு செட். கம்பளித் துணி மாதிரி வட்டு 200, ரூ.2,800. ‘உயிருள்ள நன்மை செய்யும் நூற்புழு’ 4 பொட்டலம், ரூ.3,840. கூரியர் ரூ.200.

நம்ப வெச்சது ஒரு போன்தான். “நடுப்பகல்ல செடி வாடுதா சார்? சாயங்காலம் நிமிருதா? அப்ப வேர் ஈயேதான்.” செடியைப் பிடுங்கிப் பாத்தீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலை. எந்த ஊருன்னார். கடலூர்ப் பக்கம்னதும், “அங்கதான் சார் இந்த வருஷம் ரொம்ப அதிகம்.” கையோட ஒரு வீடியோ: கோஸ் வேருக்குள்ள வெள்ளை வெள்ளையா புழு நெளியுது. பிடுங்குற கையில உல்லன் கிளவுஸ்! கடலூர்ல எவன்யா உல்லன் கிளவுஸ் போட்டுக் கோஸ் பிடுங்குறான்? அது அப்ப உறைக்கலை. ஸ்கேன் பண்ணி ரூ.6,840 அனுப்பியாச்சு.

வட்டு உதவாத சாமான்னு சொல்ல மாட்டேன். ஐரோப்பா, வட அமெரிக்கா மாதிரி குளிர் நாட்டுல டெலியா ராடிகம்னு ஒரு வேர் ஈ உண்டு. தண்டை ஒட்டி மண்ணுல முட்டை வைக்கும், பொரிஞ்ச புழு வேரைக் குடையும். நாத்து நடுற அன்னிக்கே 15 செ.மீ. அகல வட்டை ஒரு ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் வெட்டி, தண்டைச் சுத்தி இடுக்கு விடாம மண்ணோட படிய வெச்சா ஈக்கு முட்டை வைக்க இடம் கிடைக்காது. புழு உள்ள போன பிறகு வெச்சா அங்கயே பிரயோஜனம் இல்ல. நம்ம சமவெளியில அந்த ஈயே கிடையாது. யாருக்கு வேலி?

ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினா குடைஞ்ச தடமே இல்ல. பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கு. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது, வேருக்குள்ளயே உக்காந்து உறிஞ்சும், மணல் கலந்த மண்ணுன்னா கொண்டாட்டம். உளுந்து, கடலை வேர்ல இருக்கற முடிச்சு நகத்தால கீறினா உதிரும். இது உதிராது, வேரே வீங்கிப் போனது.

பொட்டலம் அதைவிட மோசம். அதுல இருக்கறதும் ஒரு நூற்புழுதான், ஆனா பூச்சியோட புழுவைக் கொல்ற ஜாதி. குளிர்ச்சியில வர வேண்டிய சரக்கு 4 நாள் வெறும் பிளாஸ்டிக் கவர்ல வெந்து வந்திருக்கு. ஒரு சிட்டிகையைத் தட்டுத் தண்ணியில கரைச்சு, அரை மணி கழிச்சு லென்ஸ் வெச்சுப் பாத்தேன். உயிர் இருந்தா நெளியணும். எல்லாம் ஊசி மாதிரி விறைச்சு நேராக் கிடக்கு.

கேட்டா? முதல் நாள், “டெக்னிகல் டீம் கூப்பிடுவாங்க.” யாரும் கூப்பிடலை. ரெண்டாவது, “உயிர்ப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.” செத்துப் போச்சுன்னுதானய்யா சொல்றேன்! வட்டையாவது திருப்பி எடுங்கன்னா, “பிரிச்சுட்டீங்களே சார்.” கடைசியா, “உங்க மண்ணுல ஜீவன் இல்ல.” இன்னிக்குக் காலையில நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. ரூ.6,840. வேப்பம் புண்ணாக்கு மூட்டை மூட்டையா வாங்கியிருக்கலாம்.

வழி சொல்றேன்னேன். இப்ப இருக்கற கோவத்துல இவ்வளவுதான் வருது.

செடி வாடினா முதல்ல பிடுங்கி வேரைப் பாருங்க, அப்புறம் பர்ஸைத் தொடுங்க. நாத்து வெளியில வாங்கினா நாலஞ்சைக் கழுவிப் பாருங்க, முடிச்சு பெரும்பாலும் நாத்தங்கால்லயே தொத்தியிருக்கும். நடறதுக்கு முன்னாடி வேப்பம் புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ, அதாவது செண்டுக்கு 1 கிலோ. சூடோமோனாஸ் (நன்மை செய்யற பாக்டீரியாத் தூள்) ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மக்கின தொழுவுரத்துல கலந்து ஈர மண்ணுல போடுங்க. பாக்கெட்ல காலாவதித் தேதி பாக்காம வாங்காதீங்க. சித்திரை வெயில்ல நிலத்தை நனைச்சு, மெல்லிசான கண்ணாடி பாலித்தீன் (கறுப்பு வேண்டாம், சூடு உள்ள இறங்காது) விரிச்சு, ஓரத்தை மண்ணால மூடி 4 முதல் 6 வாரம் விட்டா மேல்மண்ணுல இருக்கற புழு வெந்துடும். முடிச்சு வந்த இடத்துல அடுத்த போகம் கத்தரி, தக்காளி, வெண்டை வேண்டாம், அதுக்கும் இதே புழு. துலுக்கச் சாமந்தி போட்டு மடக்கி உழுங்க. ஏற்கெனவே முடிச்சு விழுந்த செடியை மீட்க வழி இல்ல, எவனாவது இருக்குன்னு சொன்னா போனை வெச்சுடுங்க.

சந்தேகம்னா வேரை மண்ணோட ஒரு பையில கட்டி எடுத்துட்டுப் போங்க. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம், பாண்டின்னா குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையம், எது பக்கமோ அங்க.

மத்தது அப்புறம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அரை மணியா அடிக்கறேன், இப்பதான் ரிங் போகுது.